பிள்ளையார்பாளையத்துத் திட்டக் கமிஷன்

காஞ்சிபுரத்துக்குப் போகிறவர்கள் சாமி கும்பிடப் போவார்கள், இல்லையென்றால் கல்யாணப் புடவை எடுக்கப் போவார்கள். ஒரு வியட்நாமியருக்கு வாயாகப் போனவள் அநேகமாக நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். எனக்குச் சொந்த ஊர் மதுரை. பதினோரு வருடமாக ஹனோயில் வாசம். கணவருக்கு அங்கே கம்பெனி வேலை, எனக்கு மொழிபெயர்ப்பு. அதனால் காஞ்சிபுரம் எனக்கும் முக்கால்வாசி வெளிநாடுதான்.

என்னுடன் வந்தவர் துவான். ஹனோய்க்குப் பக்கத்தில் ஒரு பட்டு நெசவூரில் கூட்டுறவுச் சங்கத் தலைவர். அறுபதை நெருங்கும் வயது, எந்நேரமும் கையில் ஒரு ஃபிளாஸ்க் பச்சைத் தேநீர். சோஷலிச நாட்டில் மேலிடம் போடும் திட்டமும் தெருவில் நடக்கும் சின்ன வியாபாரமும் ஒரே வீட்டில் எப்படிக் குடித்தனம் நடத்துவது என்பது அவருடைய ஆயுள்காலத் தலைவலி. இந்தியாவில் ஒரு ஊரில் சங்கமும் தனியார் முதலாளிகளும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு இரண்டும் பிழைத்துக் கிடக்கின்றன என்று யாரோ அவருடைய மேலதிகாரியிடம் சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாள் போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பிவிட்டார்கள். எதையும் மூன்றே நாளில் பார்த்துவிடலாம் என்ற நம்பிக்கை எல்லா நாட்டு அரசாங்கங்களுக்கும் பொதுவானது.

முதல் நாளே வாலாஜாபாத்தில் காரின் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது. ஓட்டுநர் சேகர் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியை எடுத்தார். அதில் காற்று இல்லை. "இன்னாபா இது, நேத்து தான பாத்தேன்" என்று அந்தச் சக்கரத்திடமே நியாயம் கேட்டார். வண்டியை அனுப்பிய அலுவலகம் நான்கு பக்கத்துக்கு நிகழ்ச்சி நிரல் அச்சடித்திருந்தது. தேநீர் இடைவேளை எத்தனை நிமிடம் என்பதுகூட அதில் இருந்தது. ஸ்டெப்னியில் காற்று அடிப்பதற்கு மட்டும் அதில் வரி இல்லை.

பஞ்சர் ஒட்டும் வரை எதிரே இருந்த கடையில் டீ குடித்தோம். பக்கத்தில் ரேஷன் கடை இன்னும் திறக்கவில்லை. ஆனால் வரிசை நின்றது. ஆட்கள் இல்லை, பைகள். மஞ்சள் பை, சிமென்ட் சாக்கு, ஒரு எண்ணெய் கேன், ஒற்றைச் செருப்பு. துவான் டீயை வைத்துவிட்டு எழுந்து போய் அந்த வரிசையைத் தலை முதல் வால் வரை பார்த்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"எங்களுக்குச் செங்கல், தங்கச்சி" என்றார். "கூப்பன் காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு செங்கல். பேர் எழுதி வரிசையில் வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவோம். என் அம்மாவின் செங்கல்லை ஒருமுறை எவனோ கொண்டுபோய் அடுப்புக் கட்டிவிட்டான்."

அதற்குள் ஒரு பெண் வேகமாக வந்து, "என் பைய எவ தள்ளி வச்சது? கேனுக்கு முன்னால தான வச்சினு போனேன்?" என்று தெருவுக்கே கேட்கும்படி ஆரம்பித்தார். துவானுக்கு நான் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கும் நாட்டிலிருந்து வந்தவள் நான், எனக்கும் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் சங்கத்தில் வரவேற்பு. எந்தச் சங்கம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் அடிபடப்போவது மேலாளர் இல்லை என்பதைக் கடைசியில் நீங்களே தெரிந்துகொள்வீர்கள். மேலாளர் வெளியூரிலிருந்து மாற்றலாகி வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. துவானுக்கு ஒரு பொன்னாடை, எனக்கு ஒரு பொன்னாடை, தவறிப்போய் சேகருக்கும் ஒரு பொன்னாடை போட்டார்கள். பிறகு திரையில் படம் காட்டினார். மேலே ஒரு பெட்டி, அதிலிருந்து அம்புக்குறிகள், அடியில் பொடிப்பொடியாக நெசவாளர்கள்.

"கலர் எல்லாம் மேலதான் சார் முடிவாகும். மெம்பருக்கு ஒரு அட்டை. உடல் இந்தக் கலர், கரை இந்தக் கலர். நூலையும் நாங்களே சாயம் போட்டுக் கொடுத்திடுவோம். ஒரு இழை மாறாது. போன சீசன்ல போட்ட பிளான் அத்தனையும் வித்துப்போச்சு. மிச்சமே இல்ல."

மாதிரிக்கு ஒரு கட்டு அட்டையைக் காட்டினார். கிளிப்பச்சை உடலுக்குச் சாக்லேட் கரை. சந்தன உடலுக்கு அரக்குக் கரை. மாம்பழ மஞ்சளுக்குச் சாம்பல் கரை. முகூர்த்தத்துக்கு மஞ்சளில் சாம்பலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு எந்தப் பெண் மணையில் உட்காருவாள் என்று அந்தப் பெட்டிக்குள் இருந்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆனால் கீழே விற்பனை நிலையத்தில் ஓர் அலமாரி முழுக்கக் கண்ணால் துழாவினேன். கிளிப்பச்சைக்கு அரக்குதான் இருந்தது. சந்தனத்துக்குச் சாக்லேட் இருந்தது. மேலாளர் அந்த அலமாரியின் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டே பேசினார், ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்குக் கோயில் இட்லி. மிளகும் சுக்கும் தூக்கலாக, மந்தாரை இலை வாசத்தோடு, ஒரு துண்டே கைக்கு அடக்கமாக இல்லை. துவான் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, "இதில் எவ்வளவு மிளகு போடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?" என்று கேட்டார். பரிமாறியவர், "சாமிக்குப் படைக்கறது. முடிவு பண்றதுக்கு இன்னா இருக்குது அதுல?" என்றார். வந்ததிலிருந்து கிடைத்த முதல் தெளிவான பதில் அதுதான்.

இரண்டாம் நாள் விடிந்ததும் பிள்ளையார்பாளையம். நிரலில் தெருப்பெயர், கதவிலக்கம் எல்லாம் சுத்தமாக இருந்தன. ஆனால் தெருமுனையிலேயே கார் நின்றுவிட்டது. தெரு நெடுக, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, இடுப்பு உயரத்தில் வரிசையாகப் பட்டுப் பாவுகளை இழுத்துக் கட்டியிருந்தார்கள். புடவையின் நீளவாட்டு இழைகள் அவை. தறியில் ஏற்றுவதற்கு முன் தெருவில் நீட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழையை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். சேகர் ஹாரன் அடித்தார்.

"யோவ், கண்ணு தெரியல? பாவு போட்டுக்கினு இருக்கோம்ல?"

"ஆபீசர் வண்டிமா, கொஞ்சம் தூக்கிப் புடிங்க, கீழ பூந்து போயிடறேன்."

"ஆபீசர நடந்து வரச் சொல்லு. பாவு நடக்காது."

சொன்னவர் பெயர் கோமளா. வயது முப்பத்தைந்து இருக்கும். கணவர் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்த வேலைக்குப் போய்விட்டதால் வீட்டுத் தறி இவர் கையில். கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் வேண்டும். உடலையும் கரையையும், குறுக்கு இழையை ஓட்டும் தனித்தனி நாடாவில் நெய்து இழையோடு இழை கோர்க்கும் வேலை அது. பக்கத்தில் உட்கார்ந்து நாடாவைத் திருப்பிக் கொடுக்க நாத்தனார் இருக்கிறார். நாங்கள் தேடி வந்த கதவிலக்கமும் இவருடையதுதான் என்பது பிறகு தெரிந்தது.

காரை விட்டு இறங்கியதுதான் எங்களுக்கு நடந்த ஒரே நல்ல காரியம். இறங்கியிராவிட்டால் அதைப் பார்த்திருக்க மாட்டோம். பாவுக்கு இந்தப் பக்கம் நாலு பெண்கள், அந்தப் பக்கம் நாலு பெண்கள். கையில் கரைக்கான நூல் கட்டுகள். ஒருத்தி தன் கட்டை மற்றொருத்தியின் பாவின் மேல் வைத்துப் பார்க்கிறாள், தலையைச் சாய்க்கிறாள், உதட்டைப் பிதுக்குகிறாள். இன்னொரு கட்டு வருகிறது. "இது தூக்குதுபா" என்கிறார்கள். கை மாறுகிறது. பேரம் இல்லை, காகிதம் இல்லை. கஞ்சி காய்வதற்குள் எட்டு வீட்டுக் கரையும் இடம் மாறி முடிந்தது.

துவான் ஃபிளாஸ்க்கைத் திறக்கவே மறந்துவிட்டார். என்ன நடக்கிறது என்று கோமளாவிடம் கேட்டேன். எங்களை மேலும் கீழும் பார்த்தார். நான் சங்கத்து ஆள் இல்லை என்று சத்தியம் வாங்காத குறையாகக் கேட்டுக்கொண்டுதான் சொன்னார்.

"சங்கத்துல குடுக்கற கலர அப்டியே நெய்ஞ்சா எவளும் கட்ட மாட்டாக்கா. எனக்குக் கிளிப்பச்சைக்குச் சாக்லேட்டு வந்திருக்குது. எதுத்த வூட்டுக்குச் சந்தனத்துக்கு அரக்கு. மாத்திக்கினா ரெண்டும் தூக்கும். நூலு சங்கத்து நூலு தான், ஒரு இழ வெளிய போவாது. வூடு மட்டும் மாறும்."

"அங்கே யாரும் கண்டுபிடிப்பதில்லையா?"

"எடை பாப்பாங்க. நீளம் பாப்பாங்க. ஜரிகைய பாப்பாங்க. கலருக்கு அட்டைல இன்னா இருக்குதோ அதையே எழுதிக்குவாங்க. பொடவைய யாருக்கா பாக்கறாங்க?"

அலமாரியின் மர்மம் எனக்கு அப்போது விளங்கியது. திட்டம் போட்டவர் ஒருவர், அதைத் தெருவில் நின்று திருத்துகிறவர்கள் எட்டுப் பேர், விற்றுப்போனதற்கு மாலை வாங்குகிறவர் அந்த முழங்கைக்காரர். ஏட்டுச் சுரைக்காயைக் கறியாக்கிக் கொடுப்பவர்கள் இவர்கள், ஏப்பம் மட்டும் அங்கே.

வீட்டுக்குள் அழைத்துப் போனார். ஒரே அறை. அறையில் தறி என்று சொல்வதைவிடத் தறிக்குள் ஓர் அறை என்று சொல்லலாம். குழித்தறி. தரையில் வெட்டிய குழியில் காலைத் தொங்கவிட்டு மிதித்து நெய்வது. வாடகை வீடு. வீட்டுக்காரர் இடத்தை விற்கப்போகிறார், தைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

"வேற வூடு பாத்தா, தரையில குழி வெட்டணும்னு சொன்னதுமே கதவ சாத்திடறாங்க. யாரு வூட்ட யாரு தோண்ட வுடுவாங்க, சொல்லுங்க. சங்கத்துல கட்டிக்கினு இருக்கற காலனில மட்டும் குழியோட கட்றாங்க. லிஸ்ட்டுல என் பேரு இருக்குது. அதுக்குத்தான் காத்துக்கினு இருக்கேன்." பிறகு குரலைத் தணித்தார். "நூல மாத்தினா மெம்பர் கார்டு கேன்சல்னு ரூல் இருக்குதுக்கா. இங்க பாத்தத அந்த மேனேஜர் கிட்ட சொல்லிடாதீங்க."

"நான் எதற்குச் சொல்லப்போகிறேன்?" என்றேன். போன் நம்பர் வாங்கிக்கொண்டேன். ஒரு டம்ளர் மோரும் குடித்தேன். துவானுக்கும் ஒரு டம்ளர் கிடைத்தது.

மதியம் ஒரு தனியார் முதலாளியைப் பார்க்கக் கூட்டிப்போனார்கள். சந்தை எப்படிச் சுதந்திரமாக இயங்குகிறது என்பதைத் துவான் அங்கே தெரிந்துகொள்வதாக நிரலில் இருந்தது. குளிர்சாதன அறையில் உட்கார்ந்து, "எங்க கிட்ட அட்டையெல்லாம் கிடையாது, மார்க்கெட் தான் முடிவு பண்ணும்" என்றார் முதலாளி. சொல்லிக்கொண்டே ஒரு நெசவாளருக்கு வாட்ஸ்அப்பில் ஏதோ ஒரு கல்யாணப் படத்தை அனுப்பி, "இதே மாதிரி, நூல் பிசகக் கூடாது" என்று குரல் பதிவும் போட்டார். துவான் வெளியே வந்து, "இவரும் திட்டக் கமிஷன்தான். அட்டைக்குப் பதில் போன்" என்றார். எனக்கு அந்த மனிதரை அப்போது மிகவும் பிடித்துப்போனது.

அன்று மாலை பச்சைத் தேநீரை எனக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். அவர் சிறுவனாக இருந்தபோது தறி எல்லாம் கூட்டுறவின் தறி, துணி எல்லாம் மேலிடம் சொன்ன துணி. அவருடைய அம்மா கட்டிலுக்கடியில் ஒரு சின்னத் தறியைக் கழற்றி வைத்திருந்தாராம். மழை நாளில் பூட்டி நெய்வாராம், சத்தம் வெளியே கேட்காது. அந்தத் துணியைக் கொடுத்துத்தான் வீட்டுக்கு அரிசி வந்தது. "வேலி தாண்டுவது என்று சொல்வோம். பிறகு அரசாங்கமே வேலியைத் தளர்த்தியது. அது வரைக்கும் ஊர் முழுக்கத் தெரியும். குழுத் தலைவரின் மனைவி கட்டியிருந்ததே அம்மா நெய்த துணிதான். ஒருவர் வாய் திறந்ததில்லை. நாளைக்கு நாமும் திறக்க வேண்டாம்" என்றார். எனக்குப் போய்ச் சொல்கிறாரே என்று இருந்தது. வாயை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவளுக்கு அதை எப்போது மூட வேண்டும் என்று தெரியாதா?

மூன்றாம் நாள் நிரலில் 'நேரடி நெசவு விளக்கம்' என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அன்றைக்கு அமாவாசை. காஞ்சிபுரத்து நெசவாளர் அமாவாசையன்று தறியில் கை வைக்க மாட்டார்கள். டீக்கடையில் கேட்டால்கூடச் சொல்லியிருப்பார்கள். எட்டு மாதத்தில் எட்டு அமாவாசை வந்து போயிருந்தும் மேலாளருக்கு அது கண்ணில் படவில்லை. தெருத் தெருவாக ஒரு தறிச் சத்தமும் இல்லை. வீடுகளில் வடை வாசனைதான் வந்தது.

மேலாளர் போன் மேல் போன் போட்டார். நால்வர் எடுக்கவில்லை, மூவர் முடியாது என்றார்கள். முடியாது என்று சொல்ல முடியாத ஆள் யார் என்று அவருக்குத் தெரியும். வீட்டுப் பட்டியலில் பெயர் உள்ளவர். கோமளா வாசலில் எங்களைப் பார்த்ததும் சிரிக்கவில்லை. தறிக்குக் கற்பூரம் காட்டி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, "ஏதோ வந்துட்டாங்கப்பா, மன்னிச்சிக்கோ" என்று தறியிடம் சொல்லிவிட்டுக் குழியில் இறங்கினார். நாத்தனார் யார் முகத்தையும் பார்க்காமல் வலப்பக்கம் உட்கார்ந்தார். தறியில் கிளிப்பச்சை உடல், அரக்குக் கரை. தலைக்கு மேல் ஆணியில் சங்கத்து அட்டை: கிளிப்பச்சை, சாக்லேட்.

மேலாளர் அந்த அட்டையைத் தட்டினார். "பாருங்க சார், ஆபீஸ்ல போட்டது, அப்படியே தறியில. ஒரு இழை மாறாது. இவங்களுக்கு விட்டா இவங்களுக்கு என்ன மேடம் தெரியும்? கலர் சென்ஸ் எல்லாம் நாம சொல்லித் தரணும்."

துவான் மூன்று வாக்கியம் சொன்னார். வேலை மிக நுட்பமாக இருக்கிறது. உங்கள் சங்கத்தின் ஏற்பாடு சிறப்பாக இருக்கிறது. விடுமுறை நாளில் சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும். அவ்வளவுதான். அதை நான் தமிழில் சொல்லிவிட்டு வெளியே வந்திருக்க வேண்டும்.

ஆனால் மூன்று நாளாக அந்த முழங்கையைப் பார்த்துப் பார்த்து எனக்கு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. கண்ணுக்கு எதிரே அரக்கை வைத்துக்கொண்டு சாக்லேட் என்கிறான். நெய்கிறவளை அவள் வீட்டிலேயே உட்காரவைத்து அவளுக்கு ஒன்றும் தெரியாது என்கிறான். அந்த முகம் ஒரு தடவை விழுந்தால் போதும் என்று இருந்தது. மிக இனிமையாக, நல்ல அச்சுத் தமிழில் நான் சொன்னேன்: "விருந்தினர் சொல்கிறார், உங்கள் அட்டையில் சாக்லேட் என்றிருக்கிறது, தறியில் இருப்பது அரக்கு. பாவு போடும் அன்று தெருவில் இந்தப் பெண்கள் மாற்றிக்கொள்வதால்தான் உங்கள் புடவை விற்கிறது. இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர்களுக்குத் தன் பாராட்டைத் தெரிவிக்கச் சொன்னார்."

தமிழ் தெரியாத துவான், தன் மூன்று வாக்கியம்தான் போய்ச் சேர்ந்தது என்று நினைத்துப் புன்னகையோடு தலையாட்டினார். தறி நின்றது. மேலாளரின் முகம் நான் ஆசைப்பட்டபடியே விழுந்தது. ஒரே ஒரு விநாடி. பிறகு அவர் குனிந்து, அந்த எட்டு மாதத்தில் முதல் முறையாக, புடவையைப் பார்த்தார். செல்போனை எடுத்து அட்டையை ஒரு படம், கரையை ஒரு படம் பிடித்தார். "ரொம்ப நல்ல யோசனைதான் மேடம்" என்றார். கோமளா என்னைப் பார்க்கவில்லை. துவானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணலுக்காவது அந்த நியாயம் இருக்கிறது. இங்கே வாய் என்னுடையது, கெட்டது இன்னொருத்தி.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் துவான் கேட்டார்: "நான் மூன்று வாக்கியம் சொன்னேன். நீ ஏன் அவ்வளவு நேரம் பேசினாய்?" மறைக்கத் தெரியாமல் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஃபிளாஸ்க்கின் மூடியைத் திருகி இறுக்கி மடியில் வைத்துக்கொண்டு, ஹனோய் வரை என்னுடன் பேசவில்லை. இப்போது அவருக்கு வேறு மொழிபெயர்ப்பாளர்.

அந்த மேலாளருக்குக் கடிதம் எழுதினேன். அது என் சொல், விருந்தினர் சொல் அல்ல என்று எழுதவில்லை. கோமளா திறமையான நெசவாளர், தயவுசெய்து பரிசீலிக்கவும் என்று மட்டும் எழுதினேன். பதில் வரவில்லை.

மார்கழி கடைசியில் கோமளாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் மண்வெட்டிச் சத்தம்.

"அக்கா, நல்லா இருக்கீங்களா? இங்க புதுசா திட்டம் கொண்டாந்துட்டாங்க. கலர் மாத்தணும்னா ஃபாரம் குடுக்கணுமாம், மூணு கையெழுத்து. கையெழுத்து வர்றதுக்குள்ள பாவு காஞ்சிடுது. அதனால எல்லாரும் அட்டைல இருக்கறதையே நெய்யிறாங்க. காலனி லிஸ்ட்டுல என் பேரு இல்லக்கா, எடுத்துட்டாங்க. வூட்டுக்காரரு குழிய மூடிக் குடுத்துட்டுப் போன்னுட்டாரு. நானே தான் மண்ணு கொட்டிக்கினு இருக்கேன். தறிய பிரிச்சு அண்ணன் வூட்டு மொட்ட மாடில போட்டாச்சு. உங்க மேல எனக்கு வருத்தம் இல்லக்கா. அந்த ஐயா சொன்னத சொல்றது தான உங்க வேல. மோர் குடுத்தப்ப ரெண்டு கையால வாங்கினாரு, நல்லவருன்னு நெனச்சிட்டேன். அவரு தான சொன்னாரு?"

மூன்று முறை கேட்டேன். பிறகு பதில் தட்டினேன்: "ஆமாம் கோமளா, அவர்தான்."